பெரியம்மா வசனம் சொல்லாத வருடம்

என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டுக்கும் அந்தப் புத்தகங்கள் வந்து சேர்ந்திருக்கும். அட்டையில் ஒரு மூளைப் படம். சில சமயம் மூளைக்குள் ஒரு மரம் இருக்கும், சில சமயம் ஒரு பல்பு எரியும். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே மகள் ஒன்றை வாங்கி அனுப்பினாள். பிறந்தநாளுக்கு மகன் ஒன்று அனுப்பினான். போன லீவுக்கு வந்த பேத்திகூட, "ஆச்சி, இதப் படிச்சா மறதியே வராதாம்" என்று ஒன்றை மடியில் வைத்துவிட்டுப் போனாள். வயதானவர்களுக்கு ஒரு காலத்தில் சால்வை போர்த்துவார்கள். இப்போது மூளையைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ராஜபாளையத்து மத்தியான வெயிலில் ஃபேனைச் சுழலவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு, மூளை எப்படிச் சுருங்குகிறது என்று படிப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. யாருடைய மூளையோ என்று நினைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தூக்கம், கனவு, பழக்கம், மறதி என்று பிரித்துப் பிரித்து அழகாக எழுதுகிறார்கள். எல்லாம் சரி. ஆனால் முடிகிற நேரத்தில் எப்படியும் கலாச்சாரம் என்று ஓர் அத்தியாயம் வந்துவிடும். மேல்நாட்டில் வயதானவர்களைத் தனியாக விட்டுவிடுகிறார்களாம். கிழக்கே, அதாவது நம் பக்கம், வீட்டோடு வைத்துத் தாங்குகிறார்களாம். அதனால் நமக்கெல்லாம் முதுமை இனிக்கிறதாம்.

அந்த இடம் வந்ததும் நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். இதை எழுதிய புண்ணியவான் எங்கள் வீட்டுப் பாயில் ஒரு ராத்திரி வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், பெரியம்மா வசனம் சொல்லாமல் இருந்த அந்த வருடத்தில்.

பெரியம்மா என் அம்மாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். தாயில்லாத தங்கையைத் தூக்கி வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணமும் முடித்து வைத்தாள். அண்ணனும் நானும் பிறந்தது அவள் கையில்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பச்சைத் தகரப் பெட்டியோடு ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தப் பெட்டியைத் திறந்தால் வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை வரும். உள்ளே நான்கு வெள்ளைச் சேலை, ஒரு பித்தளை டார்ச், காது உடைந்து நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி, அப்புறம் புத்தகங்கள். பிற்பாடு அந்தப் பெட்டி எந்த வீடு மாற்றலில் தொலைந்ததோ தெரியவில்லை. அந்த வாசனை மட்டும் எனக்கு இன்றைக்கும் எங்காவது தட்டுப்படும்.

அவள் வாரத்தில் ஒரு நாள் டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்துக்குப் போவாள். நூலகம் ராஜபாளையத்திலும் இருந்தது. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகர் அவளுக்குப் பிடித்த புத்தகங்களை மேசைக்கடியில் எடுத்து வைத்துக் கொடுப்பார். நெடுநாள் பழக்கம். கதைப் புத்தகங்களை அவள் தொட மாட்டாள். மனம் எப்படி வேலை செய்கிறது, ஞாபகம் எங்கே இருக்கிறது, கனவு ஏன் வருகிறது, வயதானால் என்ன ஆகும், எந்த தேசத்தில் கிழவர்களை எப்படி நடத்துகிறார்கள். இதையெல்லாம் எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொல்லும் மெல்லிய புத்தகங்கள் அப்போதும் வந்துகொண்டிருந்தன. பழுப்புத் தாள், மங்கிய மை. இன்று பளபளவென்று வருவதெல்லாம் அவற்றின் பேரப்பிள்ளைகள்தான்.

அப்பாவுக்கு அது பிடிக்காது. அப்பா நூல் மில்லில் சூப்பர்வைசர். வீட்டையும் மில்லைப் போலவே நடத்துவார்.

"மனசப் பத்தி என்ன படிப்பு வேண்டிக்கெடக்கு மதினி? அத ஆண்டவர் பாத்துக்கிடுவார்" என்பார்.

"ஆண்டவர் பாக்கட்டும் மாப்ள. அவர் பாக்குறத நானும் செத்த எட்டிப் பாக்கேன்" என்பாள் பெரியம்மா, புத்தகப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

படித்ததை அப்படியே விட்டுவிடவும் மாட்டாள். தெருவில் எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் கேள்வி கேட்பாள். கீரைக்காரரை நிறுத்தி, "கனவுல ஒனக்கு எம்புட்டு வயசு இருக்கும்?" என்பாள். அவர் திருதிருவென்று விழிப்பார். எங்கள் எதிர்வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அந்த வீட்டு அத்தை மட்டும் அந்தக் கேள்விக்குக் கொஞ்ச நேரம் யோசித்து, வெட்கப்பட்டு, "கலலோ நேனு சின்னப்பிள்ளனே அக்கா" என்றாள். கனவில் அவள் எப்போதும் சின்னப் பெண்தானாம். பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அதையே அன்று ராத்திரி அப்பாவிடம் கேட்டபோது, அவர் மோர் புரைக்கேறி எழுந்து போய்விட்டார்.

இனி வசனத்துக்கு வருகிறேன். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற வீடு. ராத்திரி, சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம் நடக்கும். அப்பா தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டி, குளித்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தால் ஆரம்பம். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பிறகு ஆளுக்கொரு வேத வசனம். மனப்பாடமாக, ஒரு சொல் பிசகாமல் சொல்ல வேண்டும். அப்பா முதலில் சொல்வார். பிறகு வயதுப்படி பெரியம்மா, அம்மா, அண்ணன், கடைசியில் நான். ஒருவர் சொன்னதை அந்த வாரத்தில் இன்னொருவர் சொல்லக்கூடாது. இரண்டே சொல்லில் முடிகிற குட்டி வசனம் ஒன்று உண்டு. வாரம் பிறந்ததும் அதைப் பிடிக்க அண்ணனுக்கும் எனக்கும் சண்டை. சொல்லி முடித்து, ஆமென் போட்ட பிறகுதான் தட்டில் கை வைக்கலாம்.

பெரியம்மாவுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. வசனம் என்ன, அதிகாரம் அதிகாரமாக ஒப்பிப்பாள். நைட் டியூட்டியில் நோயாளிகளுக்குச் சொல்லிச் சொல்லி ஏறிய மனப்பாடம். சர்ச்சில் யாராவது பாதியில் தடுமாறினால் பெண்கள் பக்கத்திலிருந்து அவள் குரல்தான் எடுத்துக் கொடுக்கும்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் எங்களுக்கு நோன்பு. லெந்து காலம் என்போம். ஆளுக்கு ஒன்றை விட வேண்டும். எதை விட்டோம் என்று வாயால் சொல்லக்கூடாது, சொன்னால் நோன்பு வீணாகிவிடும் என்பது வீட்டுச் சட்டம். சட்டம் என்னவோ இருந்தது. அம்மா எதை விட்டாள் என்பது அவள் காலையில் காப்பி இல்லாமல் பாத்திரத்தை வைக்கிற சத்தத்தில் தெருவுக்கே தெரியும்.

அந்த வருடம் லெந்து தொடங்கிய முதல் ராத்திரி. அப்பா தன் வசனத்தைச் சொல்லிவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்தார்.

"இன்னைக்கு நான் சொல்லல."

"ஏன் மதினி, மேலுக்கு முடியலையா?"

"மேலுக்கு ஒண்ணுமில்ல. சொல்லல, அம்புட்டுதான்."

மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாள் அப்பா குரலை இறக்கி, ஏதோ கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி கேட்டார்.

"என்ன மதினி, ஞாபகம் வரலையா?"

"வருது. சொல்ல மாட்டேன்."

அந்தப் பதில்தான் வினையாகிவிட்டது. யோசித்துப் பாருங்கள். நிஜமாகவே ஞாபகம் போய், அதை மறைக்கப் பார்க்கிறவரும் இதையேதானே சொல்வார்? தெரியாது என்றால் மறதி. தெரியும், சொல்ல மாட்டேன் என்றால் மறதியோடு வீம்பு. தப்பிக்க வழியே இல்லை. அடுத்த ராத்திரி அண்ணனும் துணிந்து, "எனக்கும் தெரியும், சொல்ல மாட்டேன்" என்று பார்த்தான். அவனுக்கு மண்டையில் ஒரு குட்டு விழுந்தது. அதாவது, அவனுக்கு மூளை இருக்கிறது என்று அப்பா நம்பினார். பெரியம்மாவை அவர் குட்டவில்லை, கோபிக்கவும் இல்லை. அவளிடம் மெதுவாகப் பேசத் தொடங்கினார். வயதானவர்களிடம் வீட்டில் திடீரென்று எல்லாரும் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் உஷாராகிவிடுங்கள். தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று அர்த்தம்.

தீர்ப்பு எழுதிய பிறகு சாட்சிக்கா பஞ்சம்? பெரியம்மா புத்தகம் படித்தபடி பாலைப் பொங்க விட்டாள். முன்பும் பொங்க விட்டிருக்கிறாள். அப்போது அது படிப்புப் பைத்தியம், இப்போது புத்தி மாறாட்டம். என்னை அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அம்மாகூட என்னை அண்ணன் பெயரில் ஆரம்பித்து இரண்டு பெயர் தாண்டித்தான் என் பெயருக்கு வருவாள், அதை யாரும் கணக்கில் எடுத்ததில்லை. தனியாகச் சிரித்தாள் என்றார்கள். படிக்கிறவர்கள் கூட்டமாகவா சிரிப்பார்கள்?

இதைச் சொல்லும்போது என் போனில் மகன் ஏற்றி வைத்திருக்கும் ஓர் ஆப் ஞாபகம் வருகிறது. யானை, குடை, ஊசி என்று சில பெயர்களைக் காட்டும். கொஞ்ச நேரம் கழித்து, என்னென்ன காட்டினேன் சொல் என்று கேட்கும். நான் வேண்டுமென்றே தப்பாகப் போடுவேன். யானைக்குப் பதில் தாசில்தார் என்று ஒரு தடவை போட்டேன். மகன் பெங்களூரிலிருந்து பதறிப்போய்க் கூப்பிட்டான். கூப்பிடட்டும். அந்த ஆப் இல்லாவிட்டால் அந்த வாரம் கூப்பிட்டிருக்க மாட்டான்.

பெரியம்மா விஷயத்தை முற்ற வைத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. அந்த வாரம் நூலகத்துக்குப் போனவள் வழக்கமான பஸ்ஸில் திரும்பவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் அவர் உதடு ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தது. நூலகம் பூட்டியிருந்தது. பஸ் நிலையத்தில் தேடினோம், பழைய ஆஸ்பத்திரி வாசலில் கேட்டோம். கடைசியில் தேரடியில், பெரிய தேரின் நிழலில், வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் காகிதத்தில் மடித்த பால்கோவா, இன்னொரு கையில் விரித்த புத்தகம். கோயிலுக்குப் போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எங்களைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டாள்.

"நீங்க எங்க இம்புட்டு தூரம்?"

"பஸ்ஸ விட்டுட்டீயளே மதினி. ரெண்டு பஸ் போயிருச்சு."

"அத்தியாயம் முடியல மாப்ள. பாதியில எப்படி மூட?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது. அப்பாவுக்கு அப்படிப் படவில்லை. ஊரறிய ஒரு கிறிஸ்தவ வீட்டுப் பெண் தேரடியில் உட்கார்ந்து பால்கோவா தின்பதைவிட, தொலைந்து போயிருந்தால்கூட அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்ததைவிட இறுக்கமாக அவள் கையைப் பிடித்து பஸ் ஏற்றினார். அந்த வாரத்தோடு அவள் தனியாக பஸ் ஏறுவது நின்றது. நூலக அட்டையை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டும்படி ஆயிற்று.

பிறகு எங்கள் சபை ஐயர், அதாவது பாதிரியார், வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் தெரிந்த ஒரு வேதாகமச் சங்கீதத்தை ஆரம்பித்து, "சேர்ந்து சொல்லுவமா அம்மா?" என்று கேட்டார்.

"நீங்க சொல்லுங்க ஐயரே. ஒங்க குரல்ல கேக்க நல்லாருக்கும்."

அவர் தனியாகச் சொல்லி முடித்தார். பெரியம்மா கண்ணை மூடி ரசித்துக் கேட்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது ஐயர் அப்பாவிடம், "மொதல்ல இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றார். அன்று ராத்திரி ஜெபத்தில் அப்பா தன் வசனத்தைச் சொல்லிவிட்டு நேராக அம்மாவைப் பார்த்தார். பெரியம்மாவின் முறையை அப்படியே தாண்டிவிட்டார். கரிசனத்தால்தான் செய்தார். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்க முடியவில்லை. பெரியம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள்.

பத்தடி தூரத்தில் எதிர்வீடு. அந்த அத்தையின் மாமியாருக்கு எங்கள் பெரியம்மாவைவிட எவ்வளவோ வயது அதிகம். தங்கள் வீட்டு நாய் ஒரு திருடனை மரத்தில் ஏற்றிய கதையைத் தினமும் சாயங்காலம் சொல்வார். சில நாள் திருடன் வேப்பமரத்தில் ஏறுவான், சில நாள் புளியமரத்தில். வீடே உட்கார்ந்து கேட்கும். பேரப்பிள்ளைகள் வேண்டுமென்றே மரத்தை மாற்றிச் சொல்லி அவரிடம் திட்டு வாங்குவார்கள். அந்த அம்மாவுக்குப் புத்தி போய்விட்டது என்று அங்கே யாரும் சொன்னதில்லை. எங்கள் அம்மா ஒரு நாள் கேட்டதற்கு அத்தை சொன்னாள்: "ரோஜூ செப்தாரு, ரோஜூ விண்டாமு." தினம் சொல்கிறார், தினம் கேட்கிறோம், இதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி. ஒரே தெரு, ஒரே குழாய்த் தண்ணீர், இரண்டு வீட்டில் இரண்டு முதுமை. கிழக்கு மேற்கு என்று எழுதுகிறவர்கள் ஒரு தெருவையாவது குறுக்கே நடந்து பார்த்துவிட்டு எழுதலாம்.

பெரிய வெள்ளிக்கு முந்தைய வாரம் அப்பாவும் ஐயரும் முடிவெடுத்துவிட்டார்கள். மதுரைப் பக்கம், வயதான சபை ஊழியக்காரப் பெண்கள் தங்குகிற விடுதி ஒன்று இருந்தது. ஈஸ்டருக்கு மறுநாள் வாடகைக் கார் வரும், அம்மா கூடப் போய் விட்டுவிட்டு வர வேண்டும். இதையெல்லாம் பெரியம்மாவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டே பேசினார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியில் என்னென்ன வைக்கலாம் என்றுகூடப் பேசினார்கள். பெரியம்மா பக்கத்தைப் புரட்டிக்கொண்டாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு வெங்காயம் அன்றைய சமையலுக்குத் தேவையே இல்லை.

ஈஸ்டர் மத்தியானம் வாழையிலை போட்டு விருந்து. கறி வாசனையில் அண்ணன் கண்ணை மூடி மூடித் திறந்தான். பண்டிகை என்பதால் மத்தியானமே ஜெபம். அப்பா சொல்லி முடித்தார். பெரியம்மா முந்தானையால் வாயைத் துடைத்து, தொண்டையைச் செருமி, நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் அவளுக்கு எதிரே இருந்ததால் நன்றாகப் பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை. அம்மா பக்கம் திரும்பி, "ம், நீ சொல்லு" என்றார்.

அம்மா சொல்லவில்லை. இலையைப் பார்த்தபடியே, "இப்ப அக்கா முறை" என்றாள்.

"அவியளுக்கு எதுக்குச் சிரமம்? நீ சொல்லு."

பெரியம்மாதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. வார்டில் ஊசி போடுவதற்கு முன் சொல்வதைப் போல நிதானமாகச் சொன்னாள்.

"மாப்ள, ஒரு கேள்வி. எனக்கு எல்லாமே மறந்துபோச்சுன்னே வச்சுக்கோங்க. வசனம், பேரு, ஊரு, எல்லாம். அப்ப?"

"அப்பன்னா?"

"அப்ப என்ன? ஒப்பிக்கத் தெரிஞ்சவியளுக்குத்தான் இந்த வீட்டுல எலையா?"

"மதினி, ஒங்க நல்லதுக்குத்தான் நாங்க..."

"என் நல்லத நான் கேக்கல. அப்ப என்னன்னு கேட்டேன்."

அப்பா இலையில் இல்லாத தூசியைத் தட்டினார். மில்லில் நூறு பேருக்குப் பதில் சொல்கிற மனிதர். ஜெபம் பாதியில் நின்றது. முதல் தடவையாக எங்கள் வீட்டில் யாரும் ஆமென் சொல்லாமல் சாப்பிட்டோம். குழம்பு நன்றாக இருந்தது என்பதை நான் வெட்கப்படாமல் சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் காலை அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரமாக மில்லுக்குக் கிளம்பிவிட்டார். கார் வந்து வாசலில் ஹாரன் அடித்தது. டிரைவர் பச்சைப் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தார். பெரியம்மா புதுச் சேலை கட்டி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அம்மா கதவைப் பிடித்தபடி நின்றவள், திடீரென்று எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில் சொன்னாள்.

"பெட்டிய எறக்குங்க."

"என்னம்மா?"

"எறக்குங்கன்னு சொல்லுதேன்லா? அக்கா எங்கயும் போகல. நான் அவியகிட்ட பேசிக்கிடுதேன்."

டிரைவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெட்டியை இறக்கினார். அம்மா அதை இழுத்து வாசற்படிக்குள் வைத்தாள். பெரியம்மா அதைப் பார்த்தாள். பிறகு காருக்குள் ஏறி ஜன்னலோரம் வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"யக்கா, எறங்கு. அதான் சொல்லிட்டேன்ல?"

"பெட்டிதானடி எறங்கிச்சு. கூப்பிட்ட கார எதுக்கு வெறுங்காரா அனுப்ப? செண்பகத்தோப்புக்கு விடுங்க தம்பி. ஏட்டி, நேத்துக் கொழம்பத் தூக்குச்சட்டியில ஊத்து. புள்ளைகள ஏத்து."

எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "நேனூ ஒஸ்தானு" என்று அவளும் வந்து ஏறிக்கொண்டாள். நானும் அண்ணனும் யார் மடியில் யார் என்று தெரியாமல் நசுங்கிக்கொண்டு போனோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார்வளாகம் தாண்டி, மாந்தோப்புகள் தாண்டி, மலையடிவார ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டில் கார் நின்றது. வாட்சர் குனிந்து பார்த்து எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "காத்து வாங்க" என்றாள் பெரியம்மா.

ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். மலை அணில் ஒன்று கிளை விட்டுக் கிளை பாய்ந்தது. அண்ணன் அதன் பின்னாலேயே போய்விட்டான். பெரியம்மா சேலையைத் தூக்கிச் செருகி, ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். தானும் தண்ணீரில் காலை விட்டாள். பிறகு கேட்டாள்.

"நெசமாவே மறந்துபோச்சாக்கா?"

பெரியம்மா சிரித்தாள்.

"நீ காப்பிய விட்ட. ஒம் வீட்டுக்காரர் கறிய விட்டார். நான் ஒப்பிக்கிறத விட்டேன். வாய் தன்னால சொல்லுது, மனசு எங்கயோ கெடக்கு. எனக்கே அது போன வருசம்தான் ஒறைச்சது. சரி, ஒரு லெந்து முழுக்க வாய மூடிட்டு, உள்ள என்ன இருக்குன்னு பாப்போம்னு நெனச்சேன். நோன்ப வெளிய சொல்லக்கூடாதுல்லா? சொல்லல."

அம்மாவுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "பாவி, ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்று அக்காவின் தோளில் அடித்தாள். "இப்பத்தான் லெந்து முடிஞ்சிட்டே. இன்னைக்கு ராத்திரி அவிய முன்னால ஒரு அதிகாரம் சொல்லிரு. எல்லாப் பேச்சும் அடங்கிரும்."

"சொல்ல மாட்டேன்."

"இன்னும் என்னக்கா வீம்பு?"

"வீம்பு இல்லட்டி. நேத்து சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அவர் என்னத் தாண்டிப் போனார் பாரு, அப்பத்தான் புரிஞ்சது. இப்ப நான் சொன்னா, சொன்னதுனாலதான் என்னய வச்சிருக்கீயன்னு ஆயிரும். நாளைக்கு நெசமாவே மறந்தா? அன்னைக்கும் கார் வரும்லா?"

அம்மா தூக்குச்சட்டியைத் திறந்து, முதல் கவளத்தைப் பிசைந்து அக்காவின் கையில் வைத்தாள். எதிர்வீட்டு அத்தை தனக்கும் கையை நீட்டினாள்.

அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து, பச்சைப் பெட்டி பழைய இடத்தில் இருப்பதைப் பார்த்தார். அம்மா அவரிடம் என்ன பேசினாள் என்பது எனக்குத் தெரியாது. சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நாள் அப்பா உம்மென்று இருந்தார். பிறகு ஒரு நாள், பெரியம்மாவுக்கு நூலகம் போகச் சில்லறை இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டார். பீரோ திறந்தது. பெரியம்மா எங்கள் வீட்டில் மறுபடி ஒரு வசனமும் சொல்லவில்லை. சர்ச்சில் சொன்னாள், ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் படுக்கையோரம் சொன்னாள். எங்கள் பாயில் மட்டும் சொல்லவில்லை.

அவள் பயந்தது கடைசியில் நடந்தது. நான் கல்லூரி முடிக்கிற சமயம் அவளுக்கு மெய்யாகவே மறந்தது. முதலில் ஊர், பிறகு நான், பிறகு அம்மாவே மறந்துபோனாள். புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, ஒவ்வொரு முறையும் புதிதாக ஆச்சரியப்பட்டாள். அந்த வீட்டுக்கு எந்தக் காரும் வரவில்லை.

ராத்திரி ஜெபத்தில் அப்பா தன் வசனத்தைச் சொல்லிவிட்டுப் பெரியம்மா பக்கம் திரும்புவார். கண்ணை மூடிக் காத்திருப்பார், ஒரு வசனம் சொல்லி முடிக்கிற நேரம். அப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது, பஞ்சு எது, முடி எது என்று தெரியாது. சில நாள் பெரியம்மா பேசாமல் இருப்பாள். சில நாள் எதையாவது முணுமுணுப்பாள். ஒரு நாள், "ஏலே, சோறு ஆறுது" என்று அதட்டினாள்.

"ஆமென்" என்றார் அப்பா. அதன் பிறகுதான் அம்மாவைப் பார்த்தார்.

பிள்ளைகள் எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் வாங்கி அனுப்பட்டும், படிப்பேன். ஆனால் என் வயதுக்காரர்களே, எனக்கு வேண்டியது அந்த ஆமென். அதில் ஒரு துளி குறைந்தாலும் நான் வாங்கிக்கொள்ளப் போவதில்லை. நீங்களும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.